இன்ஜினை இறக்குவதற்கு முன்னால்

கேள்வி: அப்பா ஓட்டிய பழைய பெட்ரோல் காரை இப்போது நான் ஓட்டுகிறேன். 18 வயதான வண்டி, கையால் கியர் போடும் வகை, 1,60,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம் வரும், ஐந்தாறு நிமிடத்தில் போய்விடும். இது ரொம்ப நாளாகவே இருக்கிறது. இரண்டு வாரமாகப் புதிதாக இன்னொன்று. வண்டி நன்றாகச் சூடான பிறகு, கீழே எங்கோ 'டொக் டொக்' என்று கனமாகக் கேட்கிறது. ஏசி போட்டால் சில நேரம் 'கீச்' என்று கத்துகிறது. ஒரு மெக்கானிக் அரை நிமிடம் கேட்டுவிட்டு இன்ஜினை இறக்க வேண்டும் என்றார். இன்னொருவர், பழைய வண்டி என்றால் சத்தம் வரத்தான் செய்யும், கெட்டியான ஆயில் ஊற்றி ஓட்டுங்கள் என்றார். யாரை நம்புவது? பிரிக்காமல் கண்டுபிடிக்க முடியாதா? சத்தத்தைச் செல்போனில் பதிவு செய்து வைத்திருக்கிறேன், அனுப்பட்டுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பிரிக்காமலே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. வண்டியை அடுத்த முறை ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஆயில் அளவைப் பாருங்கள். சூடான பிறகு கீழிருந்து கனமாகத் தட்டுகிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு வந்த முதல் கவலை அதுதான். வண்டி சமமான தரையில் நிற்க வேண்டும், இன்ஜின் அணைந்து பத்து நிமிடமாவது ஆகியிருக்க வேண்டும். டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி முழுக்கச் சொருகி எடுத்துப் பாருங்கள். மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு அடையாளம் இருக்கும். பெரும்பாலான கார்களில் அந்த இரண்டுக்கும் நடுவே சுமார் ஒரு லிட்டர். ஆயில் கீழ் அடையாளத்தைத் தொடவில்லை என்றால், வண்டியின் கையேட்டில் சொல்லியிருக்கும் அதே கிரேடு ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, மேல் அடையாளத்துக்குச் சற்றுக் கீழே வரை கொண்டுவாருங்கள். அதன்பிறகு சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். எத்தனையோ வண்டிகளில் இதோடு சத்தம் நின்றதைப் பார்த்திருக்கிறேன். அப்படி நின்றாலும், இருந்த ஆயில் எங்கே போனது என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. கீழே ஒழுகுகிறதா, புகையாகப் போகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

ஆயில் விளக்கு எரியவில்லையே என்று இருந்துவிடாதீர்கள். பெரும்பாலான வண்டிகளில் அந்தச் சிவப்பு விளக்குக்கும் ஆயில் அளவுக்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. அது ஆயில் பிரஷருக்கான விளக்கு. அதுவும் பிரஷர் ஏறக்குறைய இல்லாமலே போன பிறகுதான் எரியும். அது எரிகிற நேரத்தில், சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் ஏற்கெனவே அடிபட்டிருக்கலாம்.

டிப்ஸ்டிக் கையில் இருக்கும்போதே நுனியில் இருக்கும் ஆயிலை ஒரு சொட்டு விரலில் எடுத்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள். கறுப்பாக இருந்தால் பயப்பட வேண்டாம், ஓடிய ஆயில் கறுக்கத்தான் செய்யும். பால் கலந்தாற்போல வெளுத்திருந்தால், இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் கலந்திருக்கலாம். மினுமினுவென்று பொடி தெரிந்தால் உள்ளே உலோகம் தேய்கிறது. இந்த இரண்டில் எது தெரிந்தாலும் ஸ்டார்ட் செய்யாமல், வேறு வண்டியில் ஏற்றித்தான் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோக வேண்டும்.

சரி, ஆயில் ஒழுங்காக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இனி சத்தத்துக்கு வருவோம்.

உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் உதவியவை 'ஐந்தாறு நிமிடத்தில் போய்விடும்', 'சூடான பிறகு', 'ஏசி போட்டால்' என்ற சொற்கள். டிக், டக், டொக், கட கட, கர கர, கீச் என்று சத்தத்தைச் சொல்ல நமக்கு வார்த்தைக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒருவர் 'டக்' என்பதை இன்னொருவர் 'டொக்' என்பார். காதுக்குக் காது மாறும். எப்போது வருகிறது, எப்போது போகிறது என்பது மாறாது. இன்ஜின் சத்தத்தைப் பற்றி யாராவது என்னிடம் பேசத் தொடங்கினால் நான் முதலில் கேட்பது இதைத்தான்: இன்ஜின் பச்சைத் தண்ணீராய்க் குளிர்ந்திருக்கும்போதா, சூட்டிலா? ஆக்ஸிலரேட்டர் கொடுக்காமல் சும்மா ஓடும் ஐட்லிங்கிலா, ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போதா, காலை எடுக்கும்போதா? செல்போன் பதிவை அனுப்ப வேண்டாம். போனின் மைக் சத்தத்தைத் தானாகவே கூட்டிக் குறைத்துவிடும், சின்ன ஸ்பீக்கரில் அடிச்சத்தம் பாதி காணாமல் போகும். அதைக் கேட்டு நான் எதைச் சொன்னாலும் ஊகம்தான்.

உங்கள் வண்டியில் மூன்று தனித்தனி சத்தம் இருக்கிறது. மூன்றையும் ஒரே நோய் என்று எடுத்துக்கொண்டதால்தான் முதல் மெக்கானிக் இன்ஜினை இறக்கச் சொன்னார் என்று நினைக்கிறேன்.

காலை நேர 'டிக் டிக்'கை முதலில் முடித்துவிடுகிறேன். வால்வைத் தள்ளித் திறக்கும் டப்பெட்டின் சத்தம் என்று எல்லோரும் சட்டென்று சொல்லிவிடுவார்கள். ஹைட்ராலிக் டப்பெட்டாக இருந்தால், இரவில் வடிந்துபோன ஆயில் மறுபடி ஏறியதும், பெரும்பாலும் சில நொடிகளில் அடங்கிவிடும். வால்வ் பக்கத்தை ஓட்டும் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் பல வண்டிகளில் ஆயில் பிரஷரில்தான் வேலை செய்கிறது, அதன் கலகலப்பும் அப்படியே. கையால் இடைவெளி வைக்கும் வகை டப்பெட்டாக இருந்தால், சூடானாலும் சத்தம் முழுதாகப் போகாது. உங்களுக்கோ ஐந்தாறு நிமிடத்தில் போகிறது. அவ்வளவு நேரம் எடுத்து மெல்ல மெல்ல அடங்கினால், உலோகம் சூட்டில் விரிந்து ஒரு இடைவெளியை அடைக்கிறது என்று அர்த்தம். அப்படி அடைபடுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில்.

ஒன்று, புகையைச் சேர்த்து வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் இன்ஜினோடு சேரும் இடம். அங்கே இடுக்கை அடைக்கும் கேஸ்கட் போயிருந்தாலோ, ஒரு போல்ட் உடைந்திருந்தாலோ, ஒவ்வொரு முறை புகை வெளியேறும்போதும் 'டிக்' என்று கசியும். சூடானதும் மேனிஃபோல்ட் விரிந்து இடுக்கு மூடிக்கொள்ளும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது டார்ச் அடித்து அந்த இணைப்பைப் பாருங்கள். கரி படிந்த கறுப்புத் தீற்றல் இருந்தால் விடை அதுதான். இன்ஜினுக்கு இதனால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் கசிகிற புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, அதற்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. வண்டிக்குள் வந்தால் ஆபத்து. அதனால் இதைத் தள்ளிப்போடாதீர்கள், மூடிய ஷெட்டில் வண்டியை ஓடவிடாதீர்கள்.

இன்னொன்று பிஸ்டன். அலுமினிய பிஸ்டன் சூட்டில் விரியும். அது விரியும் வரை பழைய சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆடி, பக்கச் சுவரில் தட்டும். சத்தம் கொஞ்சம் மந்தமாக இருக்கும். இதோடு வருடக்கணக்காக ஓடுகிற வண்டிகள் உண்டு. ஆயிலும் குறையவில்லை, நீலப் புகையும் இல்லை என்றால் நான் அதைத் தொட மாட்டேன். இன்ஜின் சூடாகும் வரை ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் பதமாக ஓட்டினால் போதும்.

ஏசி போட்டால் வரும் 'கீச்' பெல்ட்டுடையது. கம்ப்ரசர் இழுக்கத் தொடங்கும்போது பெல்ட் தாங்காமல் வழுக்குகிறது. பெல்ட் தேய்ந்திருக்கும், அல்லது டென்ஷனர் தளர்ந்திருக்கும். இன்ஜின் ஓடும்போது பெல்ட்டின் பள்ளம் இருக்கும் பக்கத்தில் ஸ்ப்ரே பாட்டிலால் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பார்ப்பார்கள். சத்தம் கொஞ்ச நேரம் நின்று மறுபடி வந்தால் ஏதோ ஒரு புல்லி நேர்கோட்டில் இல்லை. சத்தம் இன்னும் அதிகமானால் பெல்ட் இறுக்கம் போதவில்லை.

இனி அந்த 'டொக் டொக்'. உங்கள் பயமும் அதுதான், என் பயமும் அதுதான்.

பிஸ்டனின் மேல்-கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு கிராங்க் ஷாஃப்ட், பிஸ்டனை அதோடு இணைப்பது கனெக்டிங் ராடு. இரண்டுக்கும் நடுவே மெல்லிய பேரிங் இருக்கிறது. இன்ஜின் ஓடும்போது ஷாஃப்ட் அந்த பேரிங்கைத் தொடக் கூடாது, இரண்டுக்கும் இடையில் இருக்கும் ஆயில் படலத்தின் மேல்தான் சுற்றுகிறது. அந்த இடைவெளி சாதாரணமாக 0.02 முதல் 0.05 மி.மீ. வரை இருக்கும், ஒரு தலைமுடியை விட மெல்லியது. பேரிங் தேய்ந்து இடைவெளி கூடினால் ஆயில் நிற்காமல் வழிந்துவிடும், ராடு ஷாஃப்ட்டில் இடிக்கத் தொடங்கும். ஆயில் குளிர்ந்திருக்கும்போது கெட்டியாக இருப்பதால் அந்த இடியைக் கொஞ்சம் தாங்கிக்கொள்ளும். சூடானால் நீர்த்துவிடும், சத்தம் வெளியே வரும். அதனால்தான் 'சூடான பிறகு' என்று நீங்கள் எழுதியதை நான் இரண்டு முறை படித்தேன்.

ஆனாலும் சூட்டில் வருகிற சத்தம் எல்லாம் பேரிங் இல்லை. இதை என் கையால் செய்த ஒரு தவறிலிருந்து சொல்கிறேன். தொழிலுக்கு வந்த ஆரம்ப வருடங்களில் இதே மாதிரி ஒரு வண்டி வந்தது. சூடானால் கீழே 'டொக் டொக்'. கேட்டேன், பேரிங்தான் என்று முடிவு கட்டினேன், இன்ஜினை இறக்கினேன். ஆறு நாள் வேலை. பேரிங்குகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து மேஜையில் வரிசையாக வைத்தேன். எல்லாமே சாம்பல் நிறத்தில், ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தன. கடைசியில் கழற்றி ஓரமாக வைத்திருந்த கிராங்க் புல்லியைக் கையில் எடுத்தபோதுதான் தெரிந்தது. அந்தப் புல்லி ஒரே துண்டு இல்லை. உள்வளையம், வெளிவளையம், நடுவில் அதிர்வைத் தாங்க ரப்பர். ரப்பர் பிரிந்து, வெளிவளையம் விரலுக்கே ஆடியது. அதை மட்டும் மாற்றியிருந்தால் ஒரு மணி நேர வேலை. அந்த வண்டிக்காரர் என்னை நம்பித்தான் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து, இன்ஜினுக்கு வெளியே இருக்கும் எல்லாவற்றையும் விலக்காமல் இன்ஜினுக்குள் கை வைப்பதில்லை.

உங்கள் வண்டியிலும் வெளியிலிருந்துதான் தொடங்க வேண்டும். முதல் சோதனையை நீங்களே உட்கார்ந்த இடத்தில் செய்யலாம். நியூட்ரலில், சத்தம் கேட்கும்போது, கிளட்ச்சை முழுதாக மிதியுங்கள். சத்தம் மாறினாலோ நின்றாலோ சந்தேகம் கிளட்ச் பக்கமும் கியர்பாக்ஸ் பக்கமும் போகிறது. மிதித்தால் நிற்கிற சத்தம் பெரும்பாலும் கியர்பாக்ஸ் பேரிங், மிதித்தால் வருகிற சத்தம் கிளட்ச்சின் ரிலீஸ் பேரிங். எந்த மாற்றமும் இல்லை என்றால் அடுத்ததற்குப் போகலாம். (ஆட்டோமேட்டிக் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கிராங்க் ஷாஃப்ட்டை கியர்பாக்ஸுக்கு முன்னால் இருக்கும் டார்க் கன்வெர்ட்டரோடு இணைக்கும் தகடு விரிசல் விட்டால் அச்சு அசலாக பேரிங் போன சத்தம்தான் வரும். அதைப் பார்க்காமல் இன்ஜினைப் பிரிக்க விடாதீர்கள்.)

அடுத்தது பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்வது. இதை மெக்கானிக்கைச் செய்யச் சொல்லுங்கள். வண்டியைச் சூடாக்கி, சத்தம் வந்ததும் அணைத்து, பெல்ட்டைக் கழற்றி, உடனே மறுபடி ஸ்டார்ட் செய்ய வேண்டும். அரை நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பல வண்டிகளில் வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில் ஓடும், அதிக நேரம் விட்டால் இன்ஜின் கொதித்துவிடும். சத்தம் நின்றுபோனால் ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரசர், வாட்டர் பம்ப், டென்ஷனர், ஐட்லர் புல்லி இவற்றில் ஒன்று. அப்போது இன்ஜினை இறக்கும் பேச்சே இல்லை. பெல்ட் இல்லாதபோது ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல பேரிங் வழுவழுவென்று சுற்றும். போன பேரிங் மணலைப் போட்டு அரைப்பதுபோல் விரலுக்கே தெரியும். இன்ஜின் அணைந்திருக்கும்போது கிராங்க் புல்லியையும் பிடித்து ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த ஒன்று பெல்ட்டைக் கழற்றினாலும் இன்ஜினோடு சுற்றிக்கொண்டுதான் இருக்கும், அதன் சத்தம் இந்தச் சோதனையில் நிற்காமலும் போகலாம். நான் ஏமாந்தது அதில்தான். அந்த நேரத்திலேயே இன்ஜின் மவுண்டிங் ரப்பர் கிழிந்திருக்கிறதா, எக்ஸாஸ்ட் குழாயின் வெப்பத் தகடு தளர்ந்து ஆடுகிறதா என்றும் பார்த்துவிடலாம்.

சத்தம் நிற்காவிட்டால் காதைப் பயன்படுத்த வேண்டும். மெக்கானிக் ஸ்டெதஸ்கோப் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் நீளமான ஸ்க்ரூடிரைவர் போதும். நுனியை இன்ஜினில் வைத்து, கைப்பிடியைக் காதுக்கு முன்னால் இருக்கும் எலும்பில் அழுத்தினால் உள்ளே நடப்பது பக்கத்தில் கேட்கும். வால்வ் கவரில் வைத்தால் மெல்லிய தட்டல் வரிசையாக ஓடும். பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரில் வைத்தால் கூர்மையாக 'டிக் டிக்' என்று வேகமாகக் கேட்கும், அது நல்ல சத்தம், மிரள வேண்டாம். பிறகு இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பிலும், சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்கின் கீழ்ப்பக்கத்திலும் வைத்துப் பார்க்க வேண்டும். 'டொக்' எங்கே பலமாகக் கேட்கிறதோ பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது. நீங்களே இதைச் செய்வதாக இருந்தால் பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் பக்கத்தில் போகாதீர்கள், கூந்தலையும் துணியையும் இறுகக் கட்டிக்கொள்ளுங்கள்.

தாளத்தையும் கவனியுங்கள். இந்த வகை இன்ஜினில் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால் வால்வைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்றுதான் சுற்றும். ஐட்லிங் 800 ஆர்பிஎம் என்றால், ஒரு வால்வின் தட்டல் நொடிக்கு ஆறேழு. கிராங்க்கோடு சேர்ந்து வருவது நொடிக்கு 13. எண்ணிப் பார்க்க முடியாது, ஆனால் பக்கத்தில் இன்ஜினின் சாதாரண ஓட்டத்தைக் கேட்டுக்கொண்டே ஒப்பிட்டால், இது பாதி வேகமா, முழு வேகமா என்று பழகிய காது சொல்லிவிடும். பாதி வேகத்தில் வந்தால் பெரும்பாலும் மேல்பக்கத்து விஷயம், மனசு கொஞ்சம் நிம்மதியாகலாம்.

இன்னும் கீழேதான் கைகாட்டுகிறது என்றால் மூன்று சோதனை பாக்கி. நின்ற நிலையிலேயே ஆக்ஸிலரேட்டரை மெல்ல 2500 ஆர்பிஎம் வரை கொண்டுபோய்ச் சட்டென்று விடுவது. விடும் அந்த நொடியில் 'டட டட' என்று தட்டிவிட்டு அடங்கினால் ராடு பேரிங் மேல் சந்தேகம் வலுக்கிறது. இதை ஒன்றிரண்டு முறைக்கு மேல் செய்ய வேண்டாம். இரண்டாவது, ஒவ்வொரு சிலிண்டராக இன்ஜெக்டர் கனெக்டரைக் கழற்றிப் பார்ப்பது. அந்த சிலிண்டரில் எரிதல் நின்றதும் அங்கே ராடின் மேல் அழுத்தம் குறையும், சத்தமும் குறையும். எந்த சிலிண்டர் என்றுகூடத் தெரிந்துவிடும். மூன்றாவது, ஆயில் பிரஷர் சுவிட்ச்சைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கேஜ் மாட்டி, சூடான நிலையில் பிரஷரை அளப்பது. கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிட்டால் பேச்சுக்கே இடமில்லை. கூடவே ஆயில் ஃபில்டரைக் கழற்றி அறுத்து, உள்ளே இருக்கும் காகித மடிப்பை விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பேரிங் தேய்ந்தால் செம்பு நிறத்திலோ வெள்ளி நிறத்திலோ செதில்கள் அந்த மடிப்பில் ஒட்டியிருக்கும். காந்தம் வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொன்னால் ஏற்காதீர்கள். பேரிங் உலோகம் காந்தத்தில் ஒட்டாது.

இத்தனையும் பேரிங்கைத்தான் காட்டுகிறது என்றால் முதல் மெக்கானிக் சொன்னதே சரியாகிவிடும், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். அப்போது வண்டியை ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது. ராடு உடைந்தால் பிளாக்கையே துளைத்துக்கொண்டு வெளியே வரும், அப்புறம் சரிசெய்ய ஒன்றும் மிஞ்சாது. ஆனால் அந்த நிலையிலும் எடுத்ததும் இன்ஜினை இறக்க வேண்டியதில்லை. பல கார்களில் ஆயில் சம்ப்பை மட்டும் கழற்றினால் ராடு பேரிங்கின் மூடியைத் திறந்து பார்க்க முடியும். உங்கள் வண்டியில் அது முடியுமா என்று கேளுங்கள். ஷாஃப்ட்டில் கீறல் விழுந்திருக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்த பிறகு இறக்குவதைப் பற்றி முடிவு செய்யலாம்.

கெட்டியான ஆயில் யோசனைக்கு மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சத்தம் குறையும், அது உண்மை. தேய்ந்த இடைவெளி குறையாது. கெட்டியான ஆயில் காலையில் மெதுவாகத்தான் ஏறும், அதுவரை மேல்பக்கம் வறண்டு ஓடும். முக்கியமாக, உங்களுக்கு எச்சரிக்கை தருகிற ஒரே அறிகுறியை அது மறைத்துவிடுகிறது. இன்ஜினைச் சுத்தம் செய்யும் திரவங்களையும் இப்போது ஊற்ற வேண்டாம். 18 வருடக் கசடு மொத்தமாகப் பெயர்ந்து, ஆயிலை வடிகட்டும் ஸ்ட்ரெய்னரை அடைத்தால், இல்லாத பேரிங் நோயும் வந்து சேரும்.

யாரை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். அடுத்து எந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போனாலும், 'எந்த சிலிண்டர்? சூட்டில் ஆயில் பிரஷர் எவ்வளவு? பெல்ட்டைக் கழற்றிப் பார்த்தீர்களா?' என்று மூன்று கேள்வி கேளுங்கள். கோபப்படாமல் பதில் சொல்பவரிடம், அல்லது 'இன்னும் பார்க்கவில்லை, பார்த்துச் சொல்கிறேன்' என்பவரிடம் வண்டியை விடலாம். காலையிலேயே கொண்டுபோய், முடிந்தால் முந்தின இரவே அங்கு விட்டுவிட்டு வாருங்கள். அப்போதுதான் குளிர்ந்த இன்ஜினின் 'டிக்'கையும், சூட்டின் 'டொக்'கையும் ஒரே ஆள் இரண்டு வேளையிலும் கேட்க முடியும். சூட்டோடு வந்து நிற்கிற வண்டியை அரை நிமிடம் கேட்டால் எனக்கும் ஒன்றும் தெரியாது.

டிப்ஸ்டிக்கில் ஆயில் எங்கே நின்றது, பெல்ட்டைக் கழற்றியபோது 'டொக்' நின்றதா, இந்த இரண்டை மட்டும் எனக்கு எழுதுங்கள். மீதியை அங்கிருந்து பேசலாம். அதுவரை, சோதனைக்குக் கொண்டுபோவதைத் தவிர, வண்டி நிற்கட்டும்.